இளைய மகன்களின் ஊர்

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஸ்பிதி ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் காஜா என்னும் சிறு நகரத்துக்கு இரண்டு சாலைகள் உண்டு. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக வரும் சாலை நீளமானது என்றாலும், மண்சரிவும் கடும்பனியும் குறுக்கிடாத நாள்களில் ஆண்டு முழுவதும் பயன்படக்கூடியது. மணாலியிலிருந்து வரும் குறுக்குச் சாலையோ ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்ஸும் கணவாயைக் கடக்க வேண்டியிருப்பதால், குளிர்காலத் தொடக்கத்தில் மூடப்பட்டுக் கோடையின் வாயிலில்தான் திறக்கிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, இதே சாலையில் மணாலியை அடுத்து வரும் ரோதாங் கணவாயின் தொல்லையைத் தீர்த்துவைத்தது; ஆனால் குளிர்காலத்தில் அதன் பயன் லாஹௌலோடு நின்றுவிடுகிறது. குன்ஸும் இன்னும் பழைய குன்ஸும்தான்.

இப்படிப்பட்ட ஊருக்குச் சுற்றுலா வருவதைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள்: பழைய பண்பாடு கெட்டது என்று வருந்துவோர் ஒரு பக்கம், பட்டினி தீர்ந்தது என்று மகிழ்வோர் மறுபக்கம். அந்தப் பழைய வாழ்வு யாருக்காக, எதைக் காப்பதற்காக அமைக்கப்பட்டது என்ற கேள்வியை இரு சாராருமே பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால் கணக்கு இவ்வளவு எளிதாக முடியாது.

ஸ்பிதி மழைமறைவுப் பகுதி. பருவமழை மேகங்கள் தெற்கே உள்ள மலைத்தொடர்களிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், இங்கே விதைத்தது முளைக்க வேண்டுமானால் பனி உருகிய நீர் வர வேண்டும். அந்த நீரை மலைச்சரிவை ஒட்டியே வெகுதொலைவு நடத்திக் கொண்டுவரும் வாய்க்காலுக்குக் குல் என்று பெயர். குல்லின் நீரில் முதல் உரிமை, ஊரை முதலில் நிறுவிய குடும்பங்களான பெரிய வீட்டாருக்கு. மற்றவர்கள் அவர்களிடமிருந்து எஞ்சியதை விலைக்கோ வேலைக்கோ பெற வேண்டும். நீர் இவ்வாறு வீட்டோடு கட்டப்பட்டிருந்ததால், வீடு உடையாமல் பார்த்துக்கொள்வது அடுத்த கட்டாயமாயிற்று. நிலமும் நீரும் மூத்த மகனுக்கே சேரும். அவனுக்குக் குடும்பம் அமைந்ததும் பெற்றோர் பெரிய வீட்டை ஒப்படைத்துவிட்டு, காங்சுங் எனப்படும் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்வார்கள். இளைய மகன்கள் கீ, தாபோ, டங்கர் போன்ற மடாலயங்களுக்குத் துறவிகளாகச் செல்வார்கள். மகள்களிலும் சிலர் சோமோ எனப்படும் பெண் துறவிகள் ஆவார்கள். (பின் என்னும் பள்ளத்தாக்கில் மட்டும், நிங்மா மரபைச் சேர்ந்த துறவிகள் மணம் புரிந்துகொள்வதற்குத் தடை இல்லை.)

நிலம் துண்டு துண்டாகாமலும் மக்கள்தொகை நீரின் அளவை மீறாமலும் காத்த இந்த ஏற்பாட்டை ஆய்வாளர்கள் வியந்து பாராட்டியிருக்கிறார்கள், அந்தப் பாராட்டு தகும். ஆயினும் அதன் செலவை ஏற்றவர் இளைய மகன். அவருக்கு நிலம் இல்லை, வாய்க்கால் முறை இல்லை, பெரும்பாலும் மனைவியும் இல்லை. 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு எல்லைச் சாலைகள் வந்தன. பின்னர் பள்ளிகளும் அரசு வேலைகளும், சமவெளியில் பட்டாணி கிடைக்காத ஆகஸ்டில் நல்ல விலைக்குப் போகும் பச்சைப்பட்டாணிப் பயிரும் வந்தன. பட்டாணியின் பணம்கூட நீர்ப்பங்கு உடையவர் வீட்டுக்கே முதலில் போய்ச் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் வெளிநாட்டினர் உள்எல்லை அனுமதிச்சீட்டுடன் இப்பகுதிக்கு வர வழி பிறந்தபோதுதான், குல்லின் முறையைச் சாராத ஒரு பிழைப்பு பரவலாக உருவாயிற்று. ஜீப் ஓட்டுவதற்கும், மலையேற்ற வழிகாட்டியாகப் போவதற்கும், சாலையோரம் மோமோவும் மேகியும் விற்கும் டாபா நடத்துவதற்கும் வாய்க்கால் பங்கு தேவையில்லை. காஜாவின் கடைத்தெருவில் தங்கும்விடுதிப் பலகைகள் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டு முகம் சுளிக்கும் பயணி, அந்தப் பலகைகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் எத்தனை பேருடைய சித்தப்பாக்கள் சிறுவயதிலேயே மொட்டையடித்து மடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

நீரைச் சாராத பிழைப்பு என்று சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பிழைப்பவருக்கு நீர்ப்பங்கு தேவையில்லை என்பது சரி; விருந்தினருக்குத் தண்ணீர் தேவை. இங்குள்ள பழைய வீடுகளின் கழிப்பறை இரண்டு தட்டுகளால் ஆனது. மேல்தட்டு அறையின் மண்தரையில் நீள்சதுரமாக ஒரு துளை, மூலையில் மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த குவியல், அதில் செருகிய ஒரு மண்வெட்டி. தண்ணீர்க் குடமோ வாளியோ அங்கே கிடையாது. பயன்படுத்தியவர் இரண்டு வெட்டு மண்ணைத் துளைக்குள் தள்ளிவிட்டு வருவார். கீழ்த்தட்டில் சேர்ந்து மக்கியது, வசந்தத்தில் உழவுக்கு முன் கால்நடைச் சாணத்தோடு கலந்து வயலுக்குப் போகும். வெப்பநிலை மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே இறங்கிக் குழாய்கள் எல்லாம் உறைந்து கிடக்கும் மாதங்களில் தடையின்றி இயங்குவதும் இதுதான். குறைந்த நீரில் வாழ்வதற்கு மட்டுமல்லாமல், நெகிழ்ந்த மணலும் சரளையுமான நிலத்துக்கு உரம் ஊட்டுவதற்கும் இதைவிடப் பொருத்தமான அமைப்பை எந்தப் பொறியாளரும் இங்கே கொண்டுவந்து தந்துவிடவில்லை.

விருந்தினர் கேட்பது ஃப்ளஷ் கழிப்பறையும் கீசர் வெந்நீரும். அவர் கேட்பதில் குற்றம் காண முடியாது. அவருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் ஒவ்வொரு முறை நெம்புகோலை அழுத்தும்போதும் இரண்டு இழப்புகள் நேர்கின்றன: வயலுக்குப் போகக்கூடிய ஊற்று நீரும் பனிநீரும் செலவாகின்றன, வயலுக்குப் போயிருக்க வேண்டிய உரம் மலைச்சரிவின் குழியொன்றில் தேங்குகிறது. பனிப்பொழிவு குறைந்த குளிர்காலத்தை அடுத்து வரும் கோடையில் பட்டாணி வயலும் விடுதித் தொட்டியும் ஒரே மூலத்துக்குப் போட்டியிடுகின்றன. பழைய முறையில் யாருக்கு எப்போது நீர் என்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது, நியாயமோ அநியாயமோ ஒரு வரிசை இருந்தது. விடுதியின் மோட்டாருக்கு அப்படி ஒரு வரிசை இன்னும் வகுக்கப்படவில்லை.

சுற்றுலாவில் எல்லா வகையும் ஒரே பயன் தருவதில்லை. காஜாவிலிருந்து காலையில் கிளம்பி, லாங்ஸாவில் புத்தர் சிலையையும் டெதிஸ் என்னும் பழங்கடலின் சிப்பிப் புதைபடிவங்களையும் பார்த்து, ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஹிக்கிம் அஞ்சலகத்தில் தமக்கே ஓர் அஞ்சலட்டை போட்டு, கோமிக் மடாலயத்தில் தேநீர் குடித்துவிட்டு மதியத்துக்குள் திரும்பும் கார்கள் அவ்வூர்களில் விட்டுச்செல்வது புழுதியும் கொஞ்சம் சில்லறையும்தான். ஓர் இரவு தங்குபவரின் கணக்கு வேறு: அவர் வீட்டு அடுப்பில் சமைத்ததை உண்கிறார், அந்த மண்வெட்டிக் கழிப்பறையையே பயன்படுத்துகிறார். டெமுல் என்னும் ஊரில் வரும் விருந்தினரை வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்புகிறார்கள்; குல்லில் பழகிய கை, விருந்தினரையும் அதேபோல் பங்கிடுகிறது. வீடுகளுக்கு எல்லை தெரிந்த ஒரு சிற்றூரில் இது முடியும். காஜாவின் கடைத்தெருவில் யார் யாருக்கு முறை வைப்பது?

அண்மைக் காலத்தில் குளிர்காலமும் விற்பனைக்கு வந்துவிட்டது. காஜாவுக்கு மேலே, 4,200 மீட்டரைத் தாண்டிய கிப்பர் ஊரைச் சுற்றிய பாறைச் சரிவுகளில், தொலைநோக்கிகளுடன் பனிச்சிறுத்தையைத் தேடி வருவோர் கூடிவருகிறார்கள். ஒரு காலத்தில் யாக் கன்றையும் குதிரைக் குட்டியையும் கொன்றதற்காகப் பழிவாங்கப்பட்ட அந்த விலங்கு, இப்போது மூடிக்கிடந்த மாதங்களுக்குக் கூலி கொண்டுவருகிறது. இதிலும் கணக்கு நேராக இல்லை. கன்றை இழப்பது மந்தையுடைய வீடு. தடம் பார்த்து விருந்தினரை அழைத்துச் செல்லும் கூலியைப் பெறுவது பெரும்பாலும் வேறொரு வீட்டு இளைஞர். இந்த இடைவெளியை நிரப்பப் பயன்படுவது இந்தக் குளிர்காலச் சுற்றுலாவுக்கு முந்திய ஓர் ஏற்பாடு: மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 1990களின் இறுதியிலிருந்து இவ்வூராரோடு சேர்ந்து மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியை வரையாடுகளை ஒத்த, பனிச்சிறுத்தையின் இரையான பரல்களுக்காக ஒதுக்கியது; அதன் தொடர்ச்சியாகத் தொடங்கப்பட்ட கால்நடைக் காப்பீட்டில், உரிமையாளர்களே பங்குத்தொகை கட்டுகிறார்கள், எந்தச் சாவு சிறுத்தையால் நேர்ந்தது என்று ஊராரே பார்த்து முடிவு செய்கிறார்கள்.