தண்ணீர் போன வழி

அமீரகத்தில் குளிர்காலம்தான் மணல் ஓட்டக் காலம். துபாய்–ஹத்தா சாலையை ஒட்டிய அல் பதாயர் மேடுகளில் வார விடுமுறை முழுக்க உறுமிவிட்டு, ‘குவாட்’ எனப்படும் நாற்சக்கர பைக்குகள் அடுத்த நாளே ஷார்ஜாவின் ‘சனையா’ என்னும் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வரிசை கட்டும். அப்படியொரு பட்டறையின் மூத்த மெக்கானிக் ராமநாதபுரத்துக்காரர். அவர் வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

மேடையில் யமஹா ஒய்எஃப்இசட் 450 ஆர் நின்றது. பந்தய வண்டி, 449 சிசி, ஒற்றை சிலிண்டர், கூலண்ட் ஓடும் எஞ்சின். ஹீட் ஆகிறது, கூலண்ட் குறைகிறது, நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை என்பது புகார். வேறொரு கடையில் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தீரவில்லை.

அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “தண்ணி எங்க போகுதுன்னு மொதல்ல தெரியணும் தம்பி. மூணே வழிதான். வெளிய போகணும், ஆயில்ல கலக்கணும், இல்லன்னா சிலிண்டருக்குள்ள இறங்கணும்.”

ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி 1.1 பார் வரை அழுத்தம் ஏற்றினார். அந்த அழுத்தத்தில்தான் கூலண்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். ஹோஸ், கிளாம்ப் எல்லாம் காய்ந்தே இருந்தன. ஆனால் முள் மெல்ல இறங்கியது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே தண்ணீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவிலிருந்து வரும் துளை அது. தண்ணீர் சீல் தேய்ந்தால் அங்கேதான் கசியும். உதவிக்கு நின்ற பையன் விரல் வைத்துப் பார்த்தான், ஈரம் இல்லை. வடித்த ஆயிலும் பால் கலந்ததுபோல் வெளுக்காமல், கறுப்பாகவே இருந்தது.

மிச்சம் சிலிண்டர்தான். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய கேமராவை இறக்கினார். பிஸ்டன் தலையெல்லாம் கரி. ஒரு ஓரம் மட்டும் கழுவிவிட்டதுபோல அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. “அங்கதான் இறங்குது, பாத்தீங்களா?”

அப்போதும் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றவில்லை. இரண்டு பக்க வால்வுகளும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றினார். திறந்திருந்த ரேடியேட்டர் வாயில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போயிருந்தது. எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயு இதே வழியாகத் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து கூலண்டை வெளியே தள்ளும். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வாயு நின்றால் ஹெட் இன்னும் சூடேறும். போதாததற்கு, மணலில் டயர் புதையப் புதைய முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கிறார்கள். வேகம் ஏறாததால் ரேடியேட்டருக்குக் காற்றும் வராது. எடை குறையட்டும் என்று ஃபேனைக் கழற்றிவிடுபவர்களும் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகவே படுகிறது.

பிறகுதான் ஹெட் இறங்கியது. அதன் முகத்தில் எஃகுச் சட்டத்தை வைத்து இடைவெளியில் 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேஜ் தகட்டைச் செருகினார். ஓரிடத்தில் தடையில்லாமல் நுழைந்தது. ஹெட் வளைந்திருக்கிறது. கேஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தால் சில ஓட்டங்களில் மறுபடி இதே கதைதான். தடித்த கண்ணாடிமேல் 600 நம்பர் எமரி பேப்பரை நனைத்து விரித்தார்கள். பையன் ஹெட்டைக் கவிழ்த்து, 8 போட்டபடி நிதானமாகத் தேய்த்தான். அண்ணன் அடிக்கடி நிறுத்தச் சொல்லி கேஜ் வைத்துப் பார்த்தார்.

பில்லில் கேஸ்கட்டும் கூலண்டும் ஏறின, மாட்டும் கூலியும் ஏறியது. குறையைக் கண்டுபிடித்த அரை நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால், “பார்ட்ஸுக்குத்தான் தம்பி காசு குடுப்பாங்க” என்றார். தேவையில்லாத ரேடியேட்டருக்கும் பம்புக்கும் அதே உரிமையாளர் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார். வண்டி வைத்திருப்பவர்களே, கூலண்ட் குறைந்து தரை காய்ந்திருந்தால் ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். சோதித்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அந்தச் சோதனைக்கும் கூலி கொடுங்கள்.