தலைப்பாகையோடு போனது



இரண்டு மாதமாக நான் இந்தப் பக்கம் எழுதவில்லை. "சார், உடம்புக்கு ஏதாவதா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனதுக்குள் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதினால் எனக்குத்தான் வெட்கம் என்று தள்ளிப் போட்டேன். ஆனால் உங்களில் பலர் தோட்டம் வைத்திருக்கிறீர்கள், மெஷின் வைத்திருக்கிறீர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

ஓய்வு பெற்றபின் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பிலேயே குடியிருக்கிறோம். மொத்தம் 140 மரம். ஒரு மரம் மாதம் ஒன்று வீதம் மட்டை உதிர்த்தால் வருடத்துக்கு 1,680 மட்டை. முன்பெல்லாம் குவித்துத் தீ வைத்துவிடுவோம். வீட்டுக்காரம்மாவுக்கு வீசிங் வந்த பிறகு புகை ஆகாது என்றாகிவிட்டது. அதனால் பழைய மட்டை அரைக்கும் மெஷின் ஒன்றை வாங்கினேன். அரைத்த தூளை மரத்தடி வட்டப்பாத்தியில் போட்டால் ஈரம் காக்கும், மட்கி உரமாகும்.

மெஷின் எளிமையானதுதான். ஒரு பெட்ரோல் இன்ஜின். அதன் தண்டில் ஒரு கிளட்ச். கிளட்சிலிருந்து இரண்டு வி-பெல்ட் போய்ப் பிளேடு உருளையைச் சுற்றும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே வகைக் கிளட்ச்தான். இன்ஜின் வேகம் ஏறினால் உள்ளே இருக்கும் ஷூக்கள் விரிந்து வெளிச்சட்டியைப் பிடிக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிடி விட்டுவிடும். அதாவது ஐட்லிங்கில் இன்ஜின் ஓடும், பிளேடு நிற்க வேண்டும்.

எங்கள் மெஷினில் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் பிளேடு மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு நாளாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "இந்த லோடு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு பச்சை மட்டை வாயில் சிக்கிப் பிளேடு நின்றுவிட்டது. பெல்ட் கிறீச்சிட்டது. நான் ஆக்சிலேட்டரைக் குறைத்துவிட்டு, "இழுத்து விடு தம்பி" என்றேன். இன்ஜினை அணைக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு மட்டையைப் பிடித்து இழுத்தான். மட்டை விடுபட்டதுதான் தாமதம், பிளேடு சுற்ற ஆரம்பித்தது. துண்டின் நுனி மாட்டியது. அவன் கையை உருவிக்கொண்டான். துண்டு உள்ளே போய்விட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சொல்வார்களே, அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க வாத்தியாருங்க, துண்டுதானுங்க" என்றான். விரல் முட்டியில் தோல் வழன்றிருந்தது. எனக்குச் சுவிட்சை அணைக்கக் கை நடுங்கியது. சாயங்காலம் ஒரு புதுத் துண்டு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டீ வைத்துக் கொடுத்தார். நடந்ததை அவன் வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நானே சொன்னேன். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த டீயை என்னால் முழுதாகக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்தான். உங்களில் ஒருவன்தான், பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வந்ததும் கேட்டான்: "ஏனுங்க சார், ஆக்சிலேட்டரக் கொறச்சா பிளேடு நிக்குதுங்களா?"

"இல்லப்பா, கொஞ்சம் சுத்திக்கிட்டே இருக்கும்."

"எத்தன நாளாங்க?"

"நாலஞ்சு நாளா."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் நான் அவனை எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்!

கிளட்சைப் பிரித்துக் காட்டினான். ஒரு ஸ்பிரிங் அறுந்திருந்தது, இன்னொன்று நீண்டு தொளதொளத்துக் கிடந்தது. ஷூவின் லைனிங் கருகிப் பளபளத்தது. "பாதி ஆக்சிலேட்டர்ல ஓட்டுனீங்களா சார்?" என்றான். ஆமாம், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அப்படித்தான் ஓட்டினேன்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் இதைக் கவனியுங்கள். வேகம் பாதியானால் மையவிலக்கு விசை பாதியாகாது, கால் பங்காகிவிடும். கால் பங்கு அழுத்தத்தில் ஷூ சட்டியை இறுகப் பிடிக்காது, வழுக்கும். வழுக்கினால் சூடு. சூட்டில் லைனிங் கருகும், ஸ்பிரிங் முறுக்கு இழக்கும். முறுக்கு இழந்த ஸ்பிரிங் ஐட்லிங்கில் ஷூவை உள்ளே இழுக்காது. பிளேடு நிற்காது. நான் மிச்சம் பிடித்த பெட்ரோல் அந்தத் தம்பியின் கை வரைக்கும் வந்த வழி இதுதான். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன்! கேட்ட பிள்ளைகளிடம், "பரீட்சைக்கு வரும், படி" என்று மட்டும் சொன்னேன்.

பெல்ட்டும் என்னால்தான் கெட்டது. வழுக்குகிறது என்று போட்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கி வைத்திருந்தேன். அதில் பேரிங் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. வழுக்கியது கிளட்ச், தண்டனை பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் சேர்ந்து மெஷினைப் பார்க்கிறோம். முதல் வேலை, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி வைப்பது. அதைக் கழற்றாமல் யாருடைய கையும் உள்ளே போகக் கூடாது.

இன்ஜினைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் மட்டம் பார்க்கிறோம். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், அதற்காகச் சுவரில் நோட்டு தொங்குகிறது. ஏர் பில்டரில் நார்த்தூள் அடைத்துக்கொள்ளும். இன்ஜினைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளிலும் அடைக்கும். பிரஷ் போட்டுத் தட்டிவிடுகிறோம்.

பெல்ட் மூடியைக் கழற்றினால் கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கிறதா என்று பார்க்கிறோம். கிடந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும். வி-பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்கும். புல்லியின் பள்ளத்து அடி பளபளத்தால், பெல்ட் தேய்ந்து கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றினால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் இழுக்கிற வேலையெல்லாம் ஒன்றின் தலையிலேயே விழும். புது பெல்ட் கொஞ்சம் இளகும், சில மணி நேரம் ஓட்டியபின் மறுபடி இழுவை பார்க்க வேண்டும்.

கிளட்ச் பக்கம் கிரீஸ் சிந்தக் கூடாது, லைனிங்கில் பட்டால் வழுக்கும். மட்டை போடும்போது முழு ஆக்சிலேட்டர். பிளேடு மழுங்கியிருந்தால் முதலில் அதைச் சாணை பிடிக்க வேண்டும். மழுங்கிய பிளேடின் பாரம் பெல்ட்டிலும் கிளட்சிலும்தான் போய் இறங்கும்.

கடைசியாக, பிளக் மூடியை மாட்டி, பெல்ட் மூடியையும் பூட்டி, மெஷினை ஓட்டி ஆக்சிலேட்டரைக் குறைத்துத் தள்ளி நின்று பார்க்கிறோம். பிளேடு முழுசாக நிற்க வேண்டும். தம்பி "நின்னுருச்சுங்க" என்று சொன்னால்தான் அந்த வாரம் வேலை. அவன் சொல்லாவிட்டால் இல்லை. அந்த அதிகாரத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன், ஏனென்றால் கை அவனுடையது.

உங்கள் வீட்டிலும் பட்டறையிலும், "பார்த்துக்கலாம்" என்று நீங்கள் தள்ளி வைத்திருக்கும் சத்தம் ஒன்று இருக்கும். மெஷின் உங்களுடையதாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள், நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். மதிப்பெண் குறைத்தாலும் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்