நம்பிக்கை ஏற்படவில்லை

மகளின் பிரசவத்துக்குத் துணையாகவோ பேத்தியின் சாமத்திய வீட்டுக்கோ லண்டன் போக, யாழ்ப்பாணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு விசா மறுக்கப்பட்டால், கடிதத்தில் அடிக்கடி வரும் காரணம் ஒன்றுண்டு: நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு ஏற்படவில்லை. வங்கிக் கணக்கில் திடீரென்று விழுந்த ஒரு தொகையோ, இதுவரை வெளிநாடு போகாத பாஸ்போர்ட்டோ அந்த ஊகத்துக்குப் போதும். ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது சரியா என்று பார்க்க அந்த அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் வேண்டும். பிரிட்டன் அந்த ஒருவரை எடுத்துவிட்டது தவறு என்பதே என் கட்சி.

அங்கே இந்த மேல்முறையீட்டு உரிமை வந்தும் போயும் இருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் வருகையாளர்களின் மேல்முறையீட்டை நீக்கியது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் உறவினரைப் பார்க்க வருவோருக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தது. லண்டனில் இருக்கும் மகள் தீர்ப்பாயத்தில் நீதிபதி முன் நின்று, அம்மாவின் செலவைத் தான் ஏற்பதாகவும் அவர் திரும்பிவிடுவார் என்றும் நேரில் சொல்ல முடிந்தது. 2013 ஜூன் 25 முதல் அதுவும் போயிற்று. மனித உரிமை மீறல் என்ற குறுகிய வாசல் மிஞ்சியது. சாதாரண வருகைக்கு அது எளிதில் திறக்காது. அரசு சொன்ன காரணம், பலர் மேல்முறையீட்டில்தான் புதிய ஆவணங்களைக் காட்டுகிறார்கள், மாதக்கணக்கில் காத்திருப்பதைவிடப் புதிதாக விண்ணப்பிப்பது விரைவு, மலிவு என்பது. கல்யாணம் அடுத்த மாதம் என்றால் எட்டு மாதம் கழித்து வரும் தீர்ப்பால் என்ன பயன்? இதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய விண்ணப்பம் எதைத் தீர்க்கும்? விடுபட்ட ஆவணத்தைச் சேர்க்கலாம். அவநம்பிக்கைக்கு எந்த ஆவணத்தைச் சேர்ப்பது? முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி அடுத்த படிவத்திலும் இருக்கிறது. ஆம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். முதல் ஊகம் தவறாக இருந்தாலும், அது இரண்டாவது விண்ணப்பத்தின் மேல் நிழலாக விழுகிறது. மேல்முறையீட்டில் வென்றவருக்கு மட்டுமே அந்த மறுப்பு தவறு என்று காட்ட ஒரு தீர்ப்பு இருந்தது.

அதிகாரிகள் கவனமாகத்தானே பார்க்கிறார்கள் என்பவர்களுக்கு, பிரிட்டனின் குடிவரவுத் தலைமை ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டலாம். முழு மேல்முறையீட்டு உரிமை இல்லாத பிரிவுகளிலிருந்து எடுத்த 1,500 கோப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில், கொடுத்த சான்றுகள் சரியாகப் பரிசீலிக்கப்படவில்லை என்று அவர் கண்டார். கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் கவனம் தளர்வதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

அந்நியருக்கு நாட்டுக்குள் வரும் உரிமையே இல்லை, பிறகு எதற்கு மேல்முறையீடு என்றும் கேட்கப்படுகிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் நிற்கின்றன. 2024இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், குடிமகளின் கணவருக்கு விசா மறுக்கப்பட்ட வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் வேறு விதமாகப் பார்க்கின்றன. 2009ஆம் ஆண்டு விசா விதிகளின்படி மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. போலந்தில் இருந்த மனைவியையும் பிள்ளையையும் பார்க்கப் போக விசா மறுக்கப்பட்ட ஒரு மொராக்கோக்காரரின் வழக்கில், அந்த மேல்முறையீடு ஏதேனும் ஒரு கட்டத்தில் நீதிமன்றத்தை எட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அங்கும் எல்லாம் முன்னேற்றம் இல்லை: ஜெர்மன் தூதரகங்கள் தம் முடிவைத் தாமே மறுபரிசீலனை செய்யும் எளிய வழியை 2025 ஜூலையில் கைவிட்டன. இருந்தும் பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். நுழையும் உரிமை வேறு, நியாயமான காரணத்தோடு மறுக்கப்படும் உரிமை வேறு என்ற பகுப்பு அங்கே பிழைத்திருக்கிறது.

பிரிட்டனில் இன்று மிஞ்சும் நீதிமுறை மறுஆய்வு, முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும். வழக்கறிஞர் செலவோ விசாக் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டும். ஓய்வூதியக்காரப் பெற்றோருக்கு அது வழியே அல்ல. பழைய நீண்ட விசாரணை திரும்ப வர வேண்டியதில்லை. அதிகாரி பார்த்த அதே காகிதங்களை, புதிதாக எதையும் சேர்க்காமல், வெளியிலிருக்கும் ஒரு நீதிபதி சில வாரங்களுக்குள் படித்து முடிவு சொன்னால் போதும். புதிய ஆவணம் பற்றி 2013இல் சொன்ன வாதத்துக்கு அப்போது இடமே இருக்காது.