யாருடைய பேச்சு கோளாறு?

1968ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் பேச்சு, செவித்திறன் சிகிச்சையாளர்களின் ஆண்டு மாநாடு. திக்குவாய், அன்னப்பிளவு, காது கேளாமை, பக்கவாதம் வந்து பேச்சிழந்து போவது, இதுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறவர்களின் சங்கம் அது. 1925இல் தொடங்கியது. ஆஷா என்பது அதன் சுருக்கப் பெயர். (நம்மூர்ப் பொம்பளைப் பிள்ளை பேர் மாதிரி இருக்கும். அவ்வளவு சாதுவானது இல்லை.) அந்த மாநாட்டில்தான் கறுப்பின உறுப்பினர்கள் தனிக்குழுவாகத் திரண்டார்கள். ஏப்ரலில் மார்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதே ஆண்டு கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள், சமூகப் பணியாளர்களும் கண்டார்கள். வெள்ளைக்காரன் வகுத்த படிப்பைப் படித்து, அவனுடைய சங்கத்துக்கே சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கணக்குக் கேட்ட ஆண்டு அது.

அவர்கள் எழுப்பியதையெல்லாம் ஒரே வரியில் சுருக்கினால் இப்படி வரும்: எங்க பிள்ளைங்க பேசுற பேச்சைக் கோளாறுன்னு எழுதி வைக்கிறீங்களே, அந்த அதிகாரத்த உங்களுக்கு யாரு குடுத்தது?

நான் இந்தத் தொழில்காரி. விழுப்புரம் பக்கத்துச் சேரியிலிருந்து போனவள். ‘வாழைப்பழம்’ எங்கள் தெருவில் ‘வாயப்பயம்’. கல்லூரியில் முதல் வருஷம் உச்சரிப்புக் கோளாறு பற்றிப் பாடம் நடந்தபோது, ழகரம் வராதவர்களுக்கு உதாரணம் காட்ட என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். என் அம்மாவுக்கு, ஆயாவுக்கு, தெருவில் இருக்கிற அத்தனை சனத்துக்கும் வியாதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. பிறகு அமெரிக்கா போய் மேற்படிப்பு, அங்கேயே பள்ளிக்கூடங்களில் வேலை. இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது இல்லை. ஆனால் கறுப்பினச் சிகிச்சையாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களைப் பற்றி நான் ஏன் எழுத வருகிறேன் என்பதற்கு இவ்வளவாவது சொல்லியாக வேண்டும்.

அந்த நாட்டுப் பள்ளிகளில் நடப்பது இது. ஐந்து வயதுப் பிள்ளையை ஸ்பீச் தெரபிஸ்ட் முன்னால் உட்கார வைப்பார்கள். படம் காட்டுவார்கள். வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பல காலமாக விடைப்புத்தகத்தில் இருந்தது வெள்ளை நடுத்தர வர்க்கத்து வீட்டு ஆங்கிலம். கறுப்புப் பிள்ளை வாயில் ‘பாத்’ என்பது ‘பாஃப்’ என்று வரும். ‘டெஸ்ட்’டின் கடைசி எழுத்து விழுந்து ‘டெஸ்’ ஆகும். ‘ஜான்ஸ் கார்’ என்பது ‘ஜான் கார்’ ஆகும். ‘ஹி இஸ் வாக்கிங்’ என்பது ‘ஹி வாக்கிங்’. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் போகும். கூட்டிப் பார்த்தால் பிள்ளை ‘மொழிக் குறைபாடு’ என்ற கட்டத்துக்குள் விழுந்திருக்கும். அங்கேயிருந்து தனி வகுப்பு. தனி வகுப்புக்குப் போன பிள்ளை திரும்பி வருவது அவ்வளவு லேசு இல்லை.

அந்த ‘இஸ்’ விழுந்துபோவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனத்தால் விழுவதில்லை அது. வில்லியம் லபோவ் என்கிற மொழியியலாளர் (வெள்ளையர்தான்) 1969இல் எழுதிக் காட்டினார்: பொது ஆங்கிலத்தில் எங்கெல்லாம் அந்தச் சொல்லைச் சுருக்கிச் சொல்ல முடியுமோ அங்கேதான் கறுப்பு ஆங்கிலத்தில் அதை விடவும் முடியும். சுருக்க முடியாத இடத்தில் விடவும் முடியாது. ‘எஸ், ஹி இஸ்’ என்று வாக்கியம் முடிகிற இடத்தில் அது அப்படியே நிற்கும். இறந்த காலத்து ‘வாஸ்’ விழாது. இன்னொன்றும் உண்டு. ‘ஷி வொர்க்கிங்’ என்றால் இந்த நேரத்தில் வேலையாக இருக்கிறாள். ‘ஷி பி வொர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலை செய்கிறவள். கச்சிதமான இலக்கணம். நாம் ‘அவர் வாத்தியார்’ என்கிறோம், எங்கே ‘இஸ்’? அந்த விடைப்புத்தகத்தை வைத்து மார்க் போட்டால் கம்பனுக்கும் தெரபி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

1968 குழுவின் முன்னணியில் நின்றவர் ஆர்லாண்டோ டெய்லர். தெற்கே சட்டனூகாவில் பிறந்து, கறுப்பினர் கல்லூரியான ஹாம்ப்டனில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிற்பாடு வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தார். தலைமை என்றதும் நமக்கு மேடையும் மாலையும் கட்அவுட்டும்தான் ஞாபகம் வரும். இவர்கள் செய்த தலைமை வேலை வேறு மாதிரி. பாடத்திட்டம், தேர்வு, அறிக்கைப் படிவம் என்று ஒவ்வொரு காகிதமாகப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். 1969இல் பெரிய சங்கம் தன் அலுவலகத்துக்குள்ளேயே நகர்ப்புற, இனக்குழு விவகாரங்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியது. ஒரு நாற்காலி கிடைத்தது. ஆனால் அடுத்தவன் வீட்டில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. இது என் கணிப்பு. அந்த நாற்காலியோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பது மட்டும் வரலாறு. 1978இல் தேசியக் கறுப்பினர் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் பிறந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிச் சங்கம் கண்டவர்கள் பெரிய சங்கத்தை விட்டு ஒட்டுமொத்தமாக வெளியேறவில்லை. தொழிலுக்கான சான்றிதழ் அதன் கையில் இருக்கிறது. உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். இதைச் சமரசம் என்று சொல்லக்கூடிய தோழர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெளியே ஒரு கால் இருந்ததால்தான் உள்ளே இருந்த காலுக்கு மரியாதை.

சங்கம் பிறந்த மறு வருஷம் ஆன் ஆர்பர் தீர்ப்பு. மிச்சிகன் மாநிலத்தில் வசதியானவர்கள் வாழும் பல்கலைக்கழக ஊர் அது. கிரீன் ரோடு குடியிருப்பிலிருந்து வந்த ஏழைக் கறுப்புப் பிள்ளைகள் 11 பேர் சார்பில் வழக்கு. அவர்கள் படித்த தொடக்கப்பள்ளியின் பெயர் மார்டின் லூதர் கிங் பள்ளி! பெயரை வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்றும், பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறவர்கள் என்றும் ஒதுக்கினார்கள் என்பது தாய்மார்களின் குற்றச்சாட்டு. வறுமை, பண்பாடு பற்றிய வாதங்களை நீதிபதி சார்லஸ் ஜாய்னர் ஏற்கவில்லை. மொழி என்ற ஒரே கேள்விதான் மிஞ்சியது. 1979 ஜூலையில் தீர்ப்பு சொன்னார்: பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் ஆசிரியர்கள் நடந்துகொண்டதுதான் தடை, ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தத் திட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்த வழக்கில் நிபுணர் சாட்சிகளை முன்னின்று நடத்தியவர் ஜெனீவா ஸ்மிதர்மன் என்ற மொழியியல் பேராசிரியை. அவர் சிகிச்சையாளர் அல்ல. ஆனால் சிகிச்சை வகுப்பில் உட்கார வைக்கப்பட்டவர். டெட்ராய்டில் ஆசிரியர் ஆகப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பேச்சுத் தேர்வில் ‘தோற்று’ அங்கே அனுப்பப்பட்டார். அதைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டவர் கூண்டில் ஏறி மருத்துவத்தை விசாரித்த மாதிரி. படித்தபோது எனக்கு வகுப்பில் எழுந்து நின்ற ஞாபகம்தான் வந்தது.

1983இல் பெரிய சங்கம் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. ஆங்கிலத்தின் எந்த வட்டார, சமூக வழக்கும் பேச்சுக் கோளாறு ஆகாது என்றது. டென்வருக்கும் இந்த ஒரு வரிக்கும் நடுவே 15 வருஷம்.

சரி, ஜெயித்தாயிற்றா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அந்தச் சிக்கலை எனக்குப் புரிய வைத்தது என் மேற்பார்வையாளர். கறுப்பினச் சங்கத்தில் பல வருஷ உறுப்பினர். தெற்கத்திப் பெண்மணி. என்னை ‘பேபி’ என்றுதான் கூப்பிடுவார். தெற்கே வயதில் மூத்த கறுப்பினப் பெண்கள் பலர் சின்னவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழு வயதுக் கறுப்புப் பையன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பள்ளி நிர்வாகம் சொன்னது: “அது அவங்க பாஷை. வட்டார வழக்கு நோய் இல்லைன்னு உங்க சங்கமே சொல்லியிருக்கு. தெரபி வேண்டாம்.” எவ்வளவு முற்போக்கான பேச்சு! அவனுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆள் வேண்டும், பணம் வேண்டும். நேற்றுவரை நோய் இல்லாத பிள்ளையை நோயாளி ஆக்கினார்கள். இன்றைக்கு உதவி தேவைப்படுகிற பிள்ளையைக் கைகழுவ நம்முடைய வாசகத்தையே எடுத்து வீசுகிறார்கள்.

அந்தம்மா விடவில்லை. பையனோடு மூன்று நாள் உட்கார்ந்தார். ‘ஹி வாக்கிங்’ என்று சொன்னதை அவர் குறித்துக்கொள்ளவே இல்லை. “அது இருக்கட்டும் பேபி. அந்த ‘இஸ்’ விழக் கூடாத இடத்துல விழுதா, அதப் பாரு” என்றார். விழுந்தது. ‘யார் எதைச் சாப்பிட்டார்கள்’ என்று இரட்டைக் கேள்வி கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னான். கதையைத் திருப்பிச் சொல்லும்போது யார் யாரை அடித்தது என்று தெரியவில்லை. அவன் பாட்டியை வரவழைத்து, “உங்க மத்த பேரப்பிள்ளைங்க இந்த வயசுல இப்படியா பேசுச்சுங்க?” என்று கேட்டார். பாட்டி தலையாட்டினார்: “இல்லை, இவன் வேற மாதிரி.” எந்தச் சோதனைப் புத்தகத்தையும்விட அந்தப் பதிலுக்கு அவர் மதிப்புக் கொடுத்தார். அறிக்கையில் இரண்டையும் எழுதினார்: இவன் பேசுவது கறுப்பு ஆங்கிலம், அது குறை இல்லை; அந்தக் கறுப்பு ஆங்கிலத்துக்குள்ளேயே இவனுக்குக் கோளாறு இருக்கிறது, அதற்கு உதவி வேண்டும். பையனுக்கு மணி நேரம் கிடைத்தது.

இந்த வழியைத் தனிமனிதக் கெட்டிக்காரத்தனமாக விட்டுவிடாமல் சோதனையாகவே வடித்தவர் ஹாரி சீமோர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக் கறுப்பினப் பேராசிரியர். தாமஸ் ரோப்பர், ஜில் டி வில்லியர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்தார். எல்லா ஆங்கில வழக்குகளுக்கும் பொதுவான அம்சங்களை வைத்துக் குழந்தையை அளப்பது என்பது அதன் அடிப்படை. 2003இலும் 2005இலும் அச்சாகி வந்தது. 1968இல் கேட்ட கேள்விக்குக் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பதில்.

நடுவில் ஓக்லாண்ட் கூத்து வேறு. 1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் பள்ளி வாரியம், கறுப்புப் பிள்ளைகளின் வீட்டு மொழி எபோனிக்ஸ், அதை அங்கீகரித்துப் பொது ஆங்கிலம் கற்பிப்போம் என்று தீர்மானம் போட்டது. நாடே சிரித்தது. தொலைக்காட்சியில் ஜோக், பத்திரிகையில் கேலிச்சித்திரம். கறுப்பினப் பெரிய மனிதர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். 1997 ஜனவரியில் செனட் விசாரணை நடந்தது. டெய்லர் போய்ச் சாட்சி சொன்னார், டென்வருக்கு 29 வருஷம் கழித்து. அதே விளக்கத்தை மறுபடி மறுபடி சலிக்காமல் சொல்ல வேண்டியிருப்பது ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கூலியில்லா வேலை.

பெரிய சங்கத்தின் தலைமைக்கும் கறுப்பினப் பெண்கள் வந்தார்கள். 2005இல் டொலோரஸ் பேட்டில். 2007இல் நோமா ஆண்டர்சன். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டைப் போலீஸ் கழுத்தில் முழங்கால் வைத்துக் கொன்ற 2020இல் தலைவராக இருந்தவர் தெரசா ராட்ஜர்ஸ். நல்லது, கொண்டாடுவோம். ஆனால் இரண்டு லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள அந்தச் சங்கத்தில் கறுப்பர்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு 13. உச்சியில் ஆள் வந்த வேகத்தில் அடியில் ஆள் வரவில்லை.

அடியில் ஆள் சேர்க்கும் வேலைதான் கறுப்பினச் சங்கத் தலைமையின் அன்றாட வேலை. யாரும் போட்டோ பிடிக்காத வேலை. நான் போன ஆண்டு மாநாட்டில் கூட்டம் நிரம்பி வழிந்த இடம் தேர்வுப் பயிற்சி அறை. பட்ட மேற்படிப்பு முடித்தாலும் பிராக்சிஸ் என்ற தேசியத் தேர்வைத் தாண்டினால்தான் சான்றிதழ். ஹோவர்ட், ஹாம்ப்டன் மாதிரியான கறுப்பினர் கல்லூரிப் பிள்ளைகள் கத்தை கத்தையாக நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பாடம் எடுத்தவர்கள் வாரம் முழுக்க மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள். இந்தத் தொழிலே பெண்கள் தொழில்தான். சங்கப் பொறுப்பு என்பது அவர்களுக்கு ராத்திரி வேலை.

சாப்பாட்டு மேசையில் ஒரு மாணவி கேட்டாள்: “நம்ம பேச்சை மட்டமா அளந்த ஆளுங்களோட பரீட்சைக்கு நாமளே ஏன் கோச்சிங் குடுக்கிறோம்? பரீட்சையையே எதிர்க்க வேண்டாமா?” என் மேற்பார்வையாளர் கோழியைக் கடித்தபடியே சொன்னார்: “எதிர்க்கணும். ஆனா ஒரு பிள்ளையோட அறிக்கையில அடியில கையெழுத்து போடுறதுக்கு இன்னைக்கி ஒரு ஆள் வேணும். நீ பாஸ் பண்ணலன்னா அங்க வேற ஒருத்தி போடுவா.” மாணவி, “இதையேதான் 50 வருஷமா சொல்றீங்க” என்றாள். அந்தம்மா கோபப்படவில்லை. “ஆமா, 50 வருஷமாதான் சொல்றோம்” என்றார்.

மாணவிக்குச் சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் முழுசாக ஆகவில்லை. இரண்டு மணிக்குப் பயிற்சி வகுப்பு மறுபடி தொடங்கியது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.