சர்க்கரையும் இன்சுலினும்

மதுரைப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை. 11-ஆம் கட்டில்காரருக்கு 40 வயது இருக்கும். வந்ததிலிருந்து படுக்கவில்லை. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்திருக்கிறார். நெஞ்சுக்குழிக்குக் கீழே கிளம்பி முதுகைத் துளைக்கிற வலி, குனிந்தால்தான் கொஞ்சம் அடங்குகிறது.

“குடிப்பீங்களா?”

அவசரப் பிரிவில் ஒருவர் கேட்டார், இங்கே சிஸ்டர் கேட்டார், இப்போது இளம் டாக்டர்.

“டீ மட்டுந்தான் சார்.”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “இவுக பாக்குப் போட்டுக்கூட நான் பாத்ததில்ல சார்.”

கணையம் வீங்கினால் பித்தப்பைக் கல்லையும் மதுவையும்தான் முதலில் தேடுவார்கள். ஸ்கேனில் கல் இல்லை. மது இல்லை என்பதைத்தான் யாரும் நம்பத் தயாராக இல்லை.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் லேப்காரர். சுழற்றி எடுத்த ரத்தச் சோதனைக் குழாயைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அடியில் சிவப்பு. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய நீர், கறந்த பால் மாதிரி வெள்ளை. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 2,860 மில்லிகிராம். 150-க்குள் இருக்க வேண்டியது. ஆயிரத்தைத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து.

பெரிய டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பயிற்சி மருத்துவர்களிடம் சொன்னார்: “இந்த ரத்தத்துல சோடியம் பொய்யா குறைச்சுக் காட்டலாம். அமைலேஸ் நார்மல்னுகூட வரும். நம்பிடாதீங்க.” பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருக்கிற எனக்கு இதையெல்லாம் கேட்பதைத் தவிர வேறென்ன வேலை?

பெரிதாக மருந்து வரும் என்று பார்த்தால், வாய்க்குப் பூட்டுதான் வந்தது. வலிக்கு ஊசி, ஒரு கையில் ஆர்.எல். உப்புநீர் பாட்டில். மறு கையில் சிரிஞ்ச் பம்ப்: 80 கிலோ உடம்புக்கு மணிக்கு 8 யூனிட் இன்சுலின். அதற்குத் துணையாக டெக்ஸ்ட்ரோஸ்.

மனைவி பாட்டிலை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“சிஸ்டர், இவுகளுக்குச் சுகரே இல்லையே?”

“கொழுப்பு எறங்கத்தாம்மா இன்சுலின்.”

“அப்ப இந்த பாட்டிலு?”

“குளுக்கோஸ்.”

“சுகர நீங்களே ஏத்தி, நீங்களே எறக்குவீங்களா?”

சிஸ்டருக்குப் பதில் தெரியும். நேரம்தான் இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்பை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இன்சுலின் அதை முடுக்கிவிடும். உடைந்த கொழுப்பு தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போய்ச் சேரும். அதற்குள் சர்க்கரை தரைதட்டிவிடக் கூடாதே என்றுதான் டெக்ஸ்ட்ரோஸ். இதில் விசித்திரம், அவர் கணையம் வெந்துபோனதும் கொழுப்பு உடைந்துதான். கணையத்துக்குள்ளேயே, அதன் சொந்த நொதியால் உடைந்து, கொழுப்பு அமிலங்களாகக் கொட்டியிருக்கிறது.

மணிக்கொரு தடவை விரல் நுனியில் குத்தல். நள்ளிரவுக்குமேல் சிஸ்டர் கேட்காமலே அவரே அடுத்த விரலை நீட்டிவிடுகிறார். பொட்டாசியம் இறங்குகிறதா என்று தனியாக ரத்தம். மூத்திரப் பை நிறைவதை மனைவி பால் கணக்கு நோட்டுப் போல ஒரு தாளில் எழுதி வைக்கிறாள், யாரும் எழுதச் சொல்லாமலே.

தாயார் தூக்குச்சட்டியில் கஞ்சித்தண்ணியோடு வந்தார். “எய்யா, பச்சத்தண்ணிகூடக் குடுக்காமப் போட்டுவச்சிருக்காகளே!” பட்டினியே பாதி வைத்தியம் என்று அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? சாப்பிடாதவரை குடலிலிருந்து புதுக் கொழுப்பு ரத்தத்தில் ஏறாது. ஆனால் வலியும் வாந்தியும் நின்றதும் கொழுப்பில்லாத கஞ்சியைச் சீக்கிரமே ஆரம்பித்துவிடுவார்கள். பழைய காலம்போல நாள்கணக்கில் காயப்போடுவதில்லை.

மறுநாள் டிரைகிளிசரைடு 1,420. கால்சியம் இறங்கினாலோ உறுப்புகள் தளர்ந்தாலோ பிளாஸ்மாவை மாற்றுகிற இயந்திரத்துக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டார்கள். தேவைப்படவில்லை. அதற்கடுத்த நாள் 460. ஐந்நூறுக்குக் கீழே வந்ததும் பம்ப்பை நிறுத்தினார்கள். இட்லி வந்தது, எண்ணெய் இல்லாமல். அவர் முதன்முறையாக மல்லாந்து படுத்தார்.

ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையை எழுதிக்கொண்டே பெரிய டாக்டர், கால்மாட்டில் நின்ற தம்பியைப் பார்த்தார்.

“கூடப்பிறந்தவரா? நீங்களும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே சார்.”

“அண்ணனுக்கும் போன வாரம் ஒண்ணும் இல்லதான். காலைல வெறும் வயித்தோட வாங்க.”

தம்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே, “ஏழு மணிக்கே வந்துரும் சார், நான் கூட்டிட்டு வாரேன்” என்றாள்.