இன்றைய எண்ணிக்கை: பூஜ்ஜியம்!

'லீவுக்கு என்ன பிளான்?'னு கேட்டவங்ககிட்ட எல்லாம், 'பட்டாம்பூச்சி எண்ணப் போறேன்'னு பந்தாவா சொல்லி வெச்சிருந்தேன். பி.எஸ்சி. விலங்கியல் ரெண்டாவது வருஷம் முடிஞ்ச கையோட, ஃபைனல் இயர் புராஜெக்ட்டை முன்கூட்டியே ஆரம்பிச்சு டிபார்ட்மென்ட்டையே அசத்தணும்னு ஆசை. ஆனா பாருங்க, நான் தேர்ந்தெடுத்தது 2024 கோடை! ஈரோட்டுல ஏப்ரல் மாசமே வெயில் 42 டிகிரியைத் தொட்டது. தார் ரோடு செருப்பைப் பிடிச்சு இழுத்துச்சு. மனுஷங்களே வெளியே தலைகாட்டலை. பட்டாம்பூச்சி மட்டும் என்ன இளிச்சவாயா?

வேலை என்னமோ சிம்பிள்தான். வாரம் ஒருமுறை, ஒரே பாதையில, ஒரே வேகத்துல நடக்கணும். பாதையோட அகலம் 5 மீட்டர், எதிரே 5 மீட்டர். அந்தக் கற்பனைப் பெட்டிக்குள்ள வர்றதை மட்டும் நோட்டுல குறிக்கணும். இங்கிலாந்துல 1976-லேர்ந்து இப்படித்தான் எண்ணிக்கிட்டு இருக்காங்க. என் ரூட், எங்க வீட்டு வாசல் கறிவேப்பிலை மரத்துல ஆரம்பிச்சு, பக்கத்து காலி மனை, வாய்க்கால் கரை வழியா பிள்ளையார் கோயில் வரைக்கும். மொத்தமே அரை கிலோமீட்டர்.

முதல் வாரம் 4. ரெண்டாவது வாரம் 2. மூணாவது வாரம் பூஜ்ஜியம். நாலாவது வாரமும் அதேதான்! கோயில் வாசல்ல உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏங்கண்ணு, எதையாச்சும் தொலைச்சுப் போட்டியா?"ன்னு கேட்டுட்டார்.

என் ஃப்ரெண்டு ஒருத்தி போன்ல சொன்ன ஐடியா இன்னும் சூப்பர். "சீனியரோட பழைய ரெக்கார்டு என்கிட்ட இருக்குடி. அங்கங்க ரெண்டு நம்பரை மாத்திப் போட்டுடு. பட்டாம்பூச்சி வந்து சாட்சியா சொல்லப் போகுது?" நான் ஒண்ணும் அரிச்சந்திரன் பேத்தி இல்லைங்க. ஆனா, மே மாசத்துக்கு 12-னு சும்மா எழுதிட்டா, அப்புறம் மழை வந்து நிஜமாவே 12 வந்தா அதுக்கு என்ன மரியாதை? 'முடியாதுடி'ன்னு சொல்லிட்டேன். 'போடி லூசு'ன்னு போனை வெச்சுட்டா.

அதே வருஷம் இங்கிலாந்துலயும் இந்தக் கதைதான். அவங்களுக்கு வெயில் இல்லை, விடாத மழையும் குளிரும். பொதுமக்கள் கால் மணி நேரம் நின்னு எண்ணுற கணக்கெடுப்புல, ஒரு ஆளுக்கு சராசரி 12-ஆக இருந்தது 7-ஆ இறங்கிடுச்சு. ஒண்ணைக்கூடப் பார்க்கலைன்னு எழுதி அனுப்பினவங்களே ஆயிரக்கணக்கில். அந்த வருஷ செப்டம்பர்ல 'பட்டாம்பூச்சி அவசர நிலை'ன்னு அங்கே அறிவிச்சதுக்கு அந்தப் பூஜ்ஜியங்களும் சேர்ந்துதான் காரணம். இதைப் படிச்சதும் என் நோட்டு மேல எனக்கே ஒரு மரியாதை வந்துச்சு.

சரி, இங்கே ஏன் வரலை? பதிலைக் கண்டுபிடிச்சது நான் இல்லை, எங்க அம்மாயி. ஒருநாள் காலையில கொல்லையிலேர்ந்து சத்தம். "இதென்ன சாமி, நந்தியாவட்டைக்குக் கீழே மொளகு கொட்டின மாதிரி கெடக்குது?" போய்ப் பார்த்தா, மிளகு இல்லை... புழுவோட எச்சம்! அண்ணாந்து தேடினா, விரல் தண்டி பச்சைப் புழு. தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கிட்டு, முன்பக்கம் ரெண்டு நீலக் கண்ணைக் காட்டி மிரட்டுது. நிஜக் கண் இல்லைங்க, சும்மா பெயின்ட்! அரளி, நந்தியாவட்டையில வளர்ற ஒரு பெரிய விட்டில் பூச்சியோட குழந்தை அது. பூஜைப் பூச்செடியைத் தின்னுதேன்னு அம்மாயி விளக்குமாத்தைத் தூக்க, நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

அப்புறம்தான் உறைச்சுது. தெருவே காய்ஞ்சு கிடக்க, இந்தச் செடியில மட்டும் தளிர் எப்படி? பாத்திரம் கழுவுற தண்ணி அதுக்குத்தான் போகுது! புழுவுக்குத் தளிர் இலை வேணும். தளிருக்கு மழை வேணும். வாசல் கறிவேப்பிலை முத்தின இலையோட நின்னா எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் எங்கே போய் முட்டை வைக்கும்? ரெண்டு நாள்ல அந்தப் புழு பழுப்பா மாறி, கீழே இறங்கி, தொட்டிச் சருகுக்குள்ள போய்ப் படுத்துடுச்சு. மே கடைசியில சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்தது, ராணுவ யூனிஃபார்ம் போட்ட மாதிரி ஒரு விட்டில். அம்மாயி கன்னத்துல கை வெச்சுட்டாங்க. "இதையா நான் கூட்டித் தள்ளப் பார்த்தேன்!"

(மாடியில அப்புச்சியோட வெள்ளை வேட்டியைக் கட்டி, எல்.இ.டி. பல்பு போட்டு விட்டில் பிடிக்கப் பார்த்ததையும் சொல்லிடுறேன். வந்தது முழுக்க கொசு. விட்டிலை இழுக்கிற புற ஊதா ஒளி அந்த பல்புல கிட்டத்தட்ட கிடையாது.)

மே பாதியில மழை பிடிச்சுது. பத்தே நாள்ல கறிவேப்பிலை துளிர்த்துச்சு. எண்ணிக்கை 3, அப்புறம் 5. கொட்டிடலைதான். ஆனா, காலி மனையில எருக்கு தளதளன்னு நிக்க, வெந்தய வரியன் தினம் வந்துச்சு. எருக்கோட விஷத்தைப் புழுவா இருக்கும்போதே உடம்புல சேர்த்துக்கிற ஜாதி அது. பறவைங்க தொடாதுங்கிற தெம்புல, ரஜினி என்ட்ரி கணக்கா ஸ்லோமோஷன்லதான் பறக்கும்!

ஜூன் முதல் வாரம் அந்த மனைக்கு பொக்லைன் வந்துச்சு. மனைக்காரர்கிட்ட ஓடினேன். "அண்ணா, எருக்கை மட்டும் விட்டுடுங்களேன்." அவர் சிரிக்கலை, திட்டவும் இல்லை. "பொண்ணு கல்யாணத்துக்குள்ள வீடு எழும்பணும் கண்ணு. எருக்கஞ்செடியைச் சுத்தியா அஸ்திவாரம் போடறது? வேணும்னா நாளைக்குக் காலையில வரைக்கும் டைம் எடுத்துக்கோ." அவர் பக்கம் என்ன தப்பு சொல்ல முடியும்?

அன்னைக்கு சாயங்காலம் இலை இலையாப் புரட்டி 7 புழுவைப் பொறுக்கி, துளை போட்ட டப்பாவுல வெச்சேன். தினம் வாய்க்கால் கரையிலேர்ந்து எருக்கிலை. அந்தப் பால் கண்ணுல பட்டா ஆபத்து, அதனால ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவல். ரெண்டு செத்துப் போச்சு. மத்த 5-ம் தங்கப் பொட்டு வெச்ச கூட்டுப்புழுவாத் தொங்கி, ஒண்ணொண்ணா வெளியே வந்துச்சு. மொட்டை மாடியிலேர்ந்து விட்டேன். என் கையால விட்டதை எண்ணக்கூடாது, அது கணக்குல சேராது.

அடுத்த வாரம் வழக்கமான நடை. காலி மனையில செம்மண் மட்டும்தான். கோயில்கிட்ட ஒரே ஒரு வெந்தய வரியன், நிதானமா என் பெட்டிக்குள்ள புகுந்து வெளியே போச்சு. அது வெளியூர்க்காரியா, எங்க வீட்டு டப்பாவுல வளர்ந்தவளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன். அப்புறம் எழுதினேன்: 'எண்ணிக்கை 1. குறிப்பு: போன வாரம் இதே பகுதியில் 5 விடப்பட்டது.'