செயினை மட்டும் மாத்தினா போதுமா?

அறுவடை முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்வா இருக்கு. இந்த மாதிரி நேரத்துலதான் நாங்க சைக்கிளைப் பிரிப்போம். அதுக்கு எங்க பக்கம் 'ஓவராயில்'னு பேரு. ஓவர்ஹால்ங்கிறதுதான் எங்க வாயில எண்ணெயும் சேர்ந்து இப்படி ஆயிருச்சு.

இந்தத் தடவை பிரிச்சது தம்பி மகளோட சைக்கிள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. இப்ப காலேஜ் போறா. பஸ் நிறுத்தம் வரைக்கும் அதுலதான் போகணும், நடுவுல மெயின் ரோட்டைக் கடக்கணும். "பெரியப்பா, நேத்து லாரி வரும்போது நடுரோட்டுல செயின் வழுக்கிருச்சு"ன்னு அவ சொன்னதும் எனக்குப் பகீர்னு ஆச்சு.

தம்பி, "பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஸ்கூட்டி வாங்கிரலாம்ணே"ன்னான். நெல்லு போட்ட பணம் நகைக்கடனுக்கே சரியாப் போச்சு. இன்னொரு கடனா? முதல்ல சைக்கிளைப் பார்ப்போம்னேன்.

செயின் நீண்டுருச்சுன்னு சொல்றோமே, இரும்பு இழுபட்டு நீளுறது இல்ல. ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிற பின்னும் அது சுத்துற ஓட்டையும் தேய்ஞ்சு இடைவெளி கூடுது. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை இஞ்ச். 24 கண்ணி அளந்தா சரியா 12 இஞ்ச் வரணும். அதுக்கு மேல 1/8 இஞ்ச் கூடினாலே செயினை மாத்திரணும். இவ செயின்ல கால் இஞ்ச் கூடியிருந்துச்சு.

அவ்வளவு தூரம் விட்டா செயின் பல்லையும் தின்னுரும். பின்சக்கரத்து ஃப்ரீவீல் பல்லெல்லாம் அரிவாள் மூக்கு மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சு கிடந்துச்சு. அந்தப் பல்லுல புதுச் செயினை மாட்டினா சரியா உட்காராது. அழுத்தி மிதிக்கும்போது ஏறிக் குதிக்கும். அழுத்தி மிதிக்கிறது எப்ப? ரோட்டைக் கடக்கும்போதுதானே! அதனால ரெண்டையும் சேர்த்தே மாத்தச் சொன்னேன். முன்வட்டுல பல்லு அதிகம், தேய்மானம் மெதுவாத்தான் வரும். அது நல்லா இருந்ததால விட்டாச்சு. பிரேக் ரப்பர் கட்டை தேய்ஞ்சு தகரம் ரிம்முல உரசப் பாத்துச்சு, அதையும் மாத்தினோம்.

பழைய ஃப்ரீவீல் துரு ஏறிப் பிடிச்சுக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. டீசல் விட்டு ஒரு ராத்திரி வச்சிருந்து, மறுநாள் கடைக்காரர் கழட்டினார். எல்லாம் சேர்த்து ஒரு நாள் ஆள் கூலிக்குள்ள முடிஞ்சுது.

கேரியர்ல புண்ணாக்கு மூட்டையை வச்சு, வாய்க்கால் மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சுப் பார்த்த பிறகுதான் அவகிட்ட கொடுத்தேன்.

உங்க வீட்டுப் பிள்ளைகளோட சைக்கிளும் கீழே எங்கயாவது நிக்கும். ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்கேலை எடுத்துக்கிட்டு இறங்கி, அந்த 24 கண்ணியை அளந்து பாருங்க. சீக்கிரம் பார்த்தா செயினோட போகும்.